இறக்கிவிட்டவர்கள் ஏற்ற வருவார்களா?

தேக்காவும் கடலும் – 9

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அதே ஆண்டு செப்டம்பர் 27, விடியும் நேரம். கெப்பல் துறைமுகத்தை ஒட்டிய கடலில் ஜப்பானியர் வசமிருந்த கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. இது யார் வேலை என்று ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெத்தாய் ஊருக்குள் தேடியது. ஆனால் வெடி வைத்தவர்கள் ஊருக்குள் கால் வைக்கவே இல்லை. மூன்று கயாக்குகளில் வந்து, வைத்துவிட்டுப் போன ஆறு பேர் அவர்கள்.

நேச நாட்டாரின் இந்தத் தாக்குதலுக்கு 'ஜேவிக்' நடவடிக்கை என்று பெயர். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வெடி வைத்த இரவைத்தான் விரித்து எழுதுவார்கள். எனக்கென்னவோ அந்தக் கயாக்குகளைக் கடலில் இறக்கியதும், திரும்ப ஏற்றியதும்தான் பெரிய கதையாகப் படுகிறது.

இறக்கிய படகுக்கே ஒரு பூர்வீகம் உண்டு. கொஃபுக்கு மாரு என்ற பெயரில் சிங்கப்பூரில் தொழில் செய்த ஜப்பானிய மீன்பிடிப் படகு. சுமார் 70 அடி நீளம். போர் வந்ததும் நேச நாட்டார் கைக்கு மாறியது. சுமத்ராவின் கிழக்குக் கரையோரம் கப்பல் மூழ்கித் தவித்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை பில் ரெனால்ட்ஸ் என்ற ஆஸ்திரேலியர் இதை வைத்துத்தான் மீட்டார். பிறகு அது இலங்கை, இந்தியா என்று சுற்றி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. அதற்கு 'கிரெய்ட்' என்று பெயர் வைத்தார்கள். வேறொன்றுமில்லை, நம் கட்டுவிரியன்தான்.

1943 செப்டம்பர் 2 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மத் வளைகுடாவிலிருந்து 14 பேருடன் அது கிளம்பியது. தலைவர் மேஜர் ஐவன் லயன். படகைச் செலுத்தியவர் டெட் கார்ஸ். உடம்பில் பழுப்புச் சாயம், இடுப்பில் சாரோங், கம்பத்தில் ஜப்பானியக் கொடி. லொம்போக் நீரிணை வழியாக நுழைந்து, செப்டம்பர் 18 விடியுமுன் ரியாவ் தீவுகளில் ஒன்றான பாஞ்சாங் அருகே ஆறு பேரையும் இறக்கியது.

அவர்கள் ஏறிய கயாக்குகள் இன்று காலாங் ஆற்றில் பிள்ளைகள் ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்குகள் அல்ல. மரச்சட்டத்தின்மேல் ரப்பர் பூசிய கித்தான் போர்த்திய மடிப்பு வள்ளங்கள். பெரிய படகின் விலாவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆணி போதும், கித்தான் கிழிந்துவிடும். 1942 டிசம்பரில் பிரான்சின் போர்தோ துறைமுகத்தைத் தாக்கப் போன பிரிட்டிஷ் குழுவுக்கு இது நடந்தது. ட்யூனா நீர்மூழ்கியின் மேல்வாசல் வழியாக வெளியே எடுக்கும்போதே ஒரு வள்ளம் கிழிந்துபோக, அதற்குரிய இருவரும் கரையைப் பார்க்காமலே திரும்பினார்கள். அந்தத் திட்டத்தில் திரும்ப ஏற்றும் பேச்சே இல்லை. முடித்துவிட்டு ஸ்பெயின் வரை தரைவழியே தப்பிப் போக வேண்டியதுதான். போன பத்துப் பேரில் பிழைத்தவர் இருவர்.

ஏற்றுவதற்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்பது ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தால் புரியும். பெரிய படகு காற்றுக்குக் குறுக்கே நின்று, காற்றுப் படாத பக்கத்தைக் கயாக்குக்குக் கொடுக்க வேண்டும். விசிறி சுழலவே கூடாது. பெரியது சின்னதைத் தேடி ஓடக்கூடாது. கயாக்தான் மெதுவாக வந்து ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகுதான் ஆபத்தே. அலையில் பெரிய படகு ஒருபுறம் சாயும்போது அதன் விலா மேலெழும்பிக் கயாக்குக்கு மேலே நிற்கும். அடுத்த நொடி அப்படியே இறங்கும். இடையில் கை இருந்தால் கை போயிற்று. கயிற்றை வாங்கிக் கட்டி, முதலில் சாமானைக் கொடுத்து, ஒருவர் விளிம்பைப் பிடித்துக்கொள்ள மற்றவர் அலை தூக்கும் நேரம் பார்த்து ஏற வேண்டும். இருவரும் சேர்ந்து எழுந்தால் கவிழ்வது நிச்சயம். பகலில், சாவகாசமாகச் செய்தாலே இத்தனை பாடு. இருட்டில், களைத்துப்போன கைகளோடு, ஒரு விளக்கும் காட்டாமல் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

செப்டம்பர் 26 இரவு காந்த வெடிகளைக் கப்பல்களின் அடியில் ஒட்டிவிட்டு ஆறு பேரும் திரும்பினார்கள். ஏழு கப்பல் என்பது அவர்கள் கணக்கு. பிற்கால ஆய்வுகள் அதைக் கொஞ்சம் குறைக்கின்றன. இதற்கிடையே கிரெய்ட் போர்னியோ பக்கம் இரண்டு வாரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. சந்திக்க வேண்டிய இடம் பொம்போங் தீவு. அக்டோபர் 2 பிறந்த நள்ளிரவில் வந்த படகில் ஆறு பேரில் இருவரான டேவிட்சனும் ஃபால்ஸும் ஏறிவிட்டார்கள். மற்ற நால்வரும் அதே தீவில்தான் இருந்தார்கள். இருட்டில் படகு கண்ணில் படவில்லை. பொழுது விடிந்தபோது அது போய்க்கொண்டிருப்பதைத்தான் பார்த்தார்கள். அடுத்த நாள் இரவு கிரெய்ட் மறுபடி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது. என் கணக்கில், ஜேவிக் வென்றது அந்த இரண்டாவது வருகையால்தான்.

மறு ஆண்டு 'ரிமாவ்' நடவடிக்கையில் அந்த இரண்டாவது வருகை கிடைக்கவில்லை. லயன் தலைமையில் 23 பேர். டேவிட்சன், ஃபால்ஸ் உட்பட ஜேவிக்கில் போன சிலரும் இருந்தார்கள். 1944 அக்டோபர் 10 அன்று எதிர்பாராத மோதலில் திட்டம் உடைய, பிழைத்தவர்கள் கயாக்கில் மெராப்பாஸ் தீவுக்குப் போனார்கள். நவம்பர் 8 வாக்கில் அங்கே வரவேண்டிய டான்டலஸ் நீர்மூழ்கி, டார்பிடோக்கள் மிச்சமிருக்கின்றன என்று வேட்டையைத் தொடர்ந்துவிட்டு, இரண்டு வாரம் தாமதமாக வந்தது. தீவில் ஆளில்லை. 23 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பிடிபட்ட பத்துப் பேரைச் சிங்கப்பூரிலேயே 1945 ஜூலை 7 அன்று தலை வெட்டிக் கொன்றார்கள். டார்பிடோவுக்கு இருந்த மதிப்பு ஆளுக்கு இல்லை என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

ஜேவிக்குக்கு நம் ஊர் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடக்கூடாது. கடல்வழி வந்திருப்பார்கள் என்று கெம்பெத்தாய் நம்பவில்லை. 1943 அக்டோபர் 10 அன்று சாங்கி சிறைக்குள் புகுந்து சோதனை போட்டது. கைதிகளும் வெளியிலிருந்த பொதுமக்களுமாக 57 பேர் சித்திரவதைக்கு ஆளானார்கள்; 15 பேர் இறந்தார்கள். வெளியிலிருந்து பிடிக்கப்பட்ட எலிசபெத் சோய் என்ற பெண் ஏறத்தாழ 200 நாள் அடைபட்டுக் கிடந்தார். கிரெய்ட் அக்டோபர் 19 அன்றே எக்ஸ்மத் போய்ச் சேர்ந்திருந்தது. மீண்டும் இதே வழியில் வரலாம் என்று நேச நாட்டார் தாக்குதலை ரகசியமாகவே வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் எம்.ஆர்.டி.யில் ஒரே ஒரு நிலையம் தள்ளி தோபி காட்டில் இறங்குங்கள். இன்று ஒய்.எம்.சி.ஏ. நிற்கும் இடத்தில்தான் கெம்பெத்தாயின் கிழக்கு மாவட்டக் கிளை இருந்தது. அங்கிருந்து வடக்கு-தெற்கு ரயிலில் கிராஞ்சி. போர்க் கல்லறையில் ரிமாவ் வீரர்கள் இருக்கிறார்கள். உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய வீரர்கள் ஏராளம். உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தப் போரில் மலாயா வந்து திரும்பாமல் போயிருந்தால், அவர் பெயரையும் தேடிப் பாருங்கள்.