விறகு பிளக்கும் யந்திரம் நின்றுவிட்டால்

சாயப்பட்டறையின் கொதிகலனுக்கும் மஞ்சள் வேகவைக்கும் அடுப்புக்கும் விறகு வேண்டும். சவுக்கையும் சீமைக் கருவேலத்தையும் கோடரி கொண்டு பிளப்பதற்குப் பதிலாக, எண்ணெயின் அழுத்தத்தால் பிளக்கும் யந்திரத்தை வைத்துக்கொள்வோர் இப்பொழுது உண்டு. சங்கத்தின் பொதுப் பணத்தில் வாங்கிய இத்தகைய யந்திரம் நின்றுவிடுமாயின், கொதிகலன் தணிகிறது; தொட்டியில் இறக்கிய நூலில் சாயம் சீராக ஏறுவதில்லை; நூலுக்குக் காத்திருக்கும் நெசவாளர் கூலியை இழக்கிறார். அவசரப்பட்டுப் பம்பை மாற்றிய பின்னர், பழுது வேறிடத்தில் இருந்தது தெரியவருமாயின் நஷ்டம் இரட்டிப்பாகும். ஆதலால் பழுதை முறையாகத் தேடும் வழியை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

யந்திரம் வேலை செய்யும் விதம்

மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் விளக்கினார். அவ்விதியைக் கொண்டு 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரமா என்பவர் நீரழுத்த யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பஞ்சுப் பொதியை அழுத்தும் பிரஸ்ஸும் விறகு பிளக்கும் யந்திரமும் அதன் வழி வந்தவையே.

எண்ணெய்த் தொட்டியிலிருந்து பம்பு எண்ணெயை உறிஞ்சிக் கைப்பிடி வால்வுக்கு அனுப்புகிறது. வால்வு அதைச் சிலிண்டரின் ஒரு பக்கத்துக்குச் செலுத்த, பிஸ்டன் நகர்ந்து மரத்தை ஆப்பின்மீது தள்ளுகிறது. மறுபக்கத்து எண்ணெய் பில்டர் வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. சிலிண்டரின் உள்விட்டம் 10 சென்டிமீட்டர் எனக் கொண்டால் பிஸ்டனின் பரப்பு சுமார் 78.5 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 175 கிலோகிராம் அழுத்தம் ஏறும்போது, தள்ளும் விசை 13 டன்னுக்கு மேலாகிறது. அழுத்தம் அளவு கடந்தால் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடக் காப்பு வால்வு ஒன்று உண்டு.

பெரும்பாலான பிளப்பு யந்திரங்களில் பம்பு இரண்டு அடுக்குள்ளது. எதிர்ப்பு இல்லாதபோது இரண்டு அடுக்கும் சேர்ந்து எண்ணெயைத் தருவதால் பிஸ்டன் விரைந்து செல்லும். மரத்தில் முட்டியவுடன் பெரிய அடுக்கின் எண்ணெய் தானாகவே தொட்டிக்குத் திரும்ப, சிறிய அடுக்கு மட்டும் மெதுவாக, ஆனால் மிகுந்த அழுத்தத்துடன் தள்ளும். ஆகவே மரத்தைத் தொட்டதும் வேகம் குறைவது பழுதன்று, யந்திரத்தின் இயல்பாகும்.

கை வைக்கும் முன்

முதலில் எஞ்சினையோ மோட்டாரையோ நிறுத்துக. மின்சாரமாயின் பிரதான சுவிட்சையும் அணைத்தல் வேண்டும். பின்னர்க் கைப்பிடியை இரு புறமும் சிலமுறை அசைத்துக் குழாய்களில் தங்கிய அழுத்தத்தை வெளியேற்றுக. எண்ணெய்க் கசிவை ஒருபோதும் விரலால் தடவித் தேடலாகாது. ஊசிமுனை போன்ற துளையிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். வெளியே சிறு புள்ளியாகத் தோன்றும் அக்காயம், உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிடில் விரலையோ கையையோ இழக்கச் செய்யும். ஓர் அட்டைத் துண்டைக் குழாயின் அருகே நகர்த்தினால் கசிவு அதிலே தெரியும்.

பிஸ்டன் சிறிதும் அசையவில்லையெனில்

மோட்டார் ஓடியும் பிஸ்டன் அசையாவிடில் செலவில்லாத சோதனைகளை முதலில் செய்க. தொட்டியில் எண்ணெய் போதுமான அளவு உள்ளதா? தொட்டியின் அடைப்பான் திறந்திருக்கிறதா? உறிஞ்சும் வலையில் மரத்தூளும் கசடும் அடைத்திருக்கின்றனவா? இவற்றுக்குப் பின் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கைப் பார்க்க வேண்டும். அதன் நடுவிலுள்ள ரப்பர்த் துண்டு தேய்ந்திருந்தாலும், தண்டிலுள்ள சாவி முறிந்திருந்தாலும், மோட்டார் மட்டும் சுழலும், பம்பு சுழலாது. சிறு சாவி ஒன்றின் முறிவைப் பம்பின் முடிவெனக் கருதிவிடுதல் எளிது.

மும்முனை மின்சாரத்தில் ஓடும் யந்திரத்துக்கு மற்றொரு சோதனையும் உண்டு. கம்பிகளைக் கழற்றி மீண்டும் இணைத்தபோது அவற்றில் இரண்டு இடம் மாறியிருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். பம்பு எண்ணெயைத் தள்ளாது. பம்பின்மேல் உள்ள அம்புக்குறியோடு சுழற்சியை ஒப்பிட்டு, மாறியிருப்பின் உடனே நிறுத்தி, மின்பணியாளரைக் கொண்டு சரிசெய்க. எதிர்த்திசையில் ஓடவிட்டால் பம்பின் சீல் கெடும்.

வெறுமையாக ஓடி, மரத்தில் முட்டியதும் நின்றால்

இங்கு எண்ணெய் ஓடுகிறது, அழுத்தம் ஏறவில்லை என்பது பொருள். காரணங்கள் மூன்று: காப்பு வால்வின் இருக்கையில் தூசி சிக்கி அது மூடாதிருக்கலாம், பிஸ்டனின் சீல் தேய்ந்து எண்ணெய் மறுபக்கம் நழுவலாம், பம்பே தேய்ந்திருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறியப் பம்புக்கும் வால்வுக்கும் இடையே அழுத்தமானி ஒன்றைப் பொருத்துக. பிஸ்டனை முழுவதும் நீட்டி, கைப்பிடியைச் சில விநாடி அதே நிலையில் பிடித்தால், முள் குறித்த அளவுக்கு ஏற வேண்டும். ஏறினால் மூன்றும் பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளன; மரத்தின் முடிச்சே தடை எனலாம். ஏறாவிடில், தேர்ந்த மெக்கானிக் ஒருவர் சிலிண்டர்க் குழாய்களைக் கழற்றி, வால்வின் வாய்களை அந்த அழுத்தத்தைத் தாங்கும் மூடிகளால் அடைத்து மீண்டும் சோதிக்கட்டும். இப்பொழுது முள் ஏறினால் குற்றம் சிலிண்டரின் சீலில் இருக்கிறது. அப்பொழுதும் ஏறாவிடில் காப்பு வால்வைக் கழற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும். அதன் பின்னும் பயன் இல்லையேல்தான் பம்பின்மீது சந்தேகம் கொள்ளலாம். சீலின் விலை சிறிது. பம்பின் விலை பெரிது. இந்த வரிசையின் பயன் அதிலேதான் உள்ளது.

அழுத்தமானி இல்லாமல் காப்பு வால்வின் திருகைத் திருப்புதல் பெருந்தவறு. அழுத்தம் அளவை மீறினால் குழாய் வெடிக்கும்.

மோட்டார் திணறினால், ஓசை மாறினால்

மரத்தில் முட்டியவுடன் எஞ்சின் திணறி நின்றால், பெரிய அடுக்கை விடுவிக்கும் வால்வு சிக்கிக்கொண்டிருக்கலாம். இரண்டு அடுக்கின் சுமையும் சேர்ந்து எஞ்சினை அமுக்குகிறது. மும்முனை மோட்டாரில் ஒரு முனையின் மின்சாரம் தடைப்பட்டாலும் இவ்வாறே நேரும்.

பம்பு கல் அரைப்பது போல ஓசையிட்டால் அது எண்ணெய் கிடைக்காமல் தவிக்கிறது என்க. எண்ணெய் நுரைத்துப் பிஸ்டன் விட்டுவிட்டு நகர்ந்தால், உறிஞ்சும் குழாயின் இணைப்பில் காற்று புகுகிறது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மாற்றும் எண்ணெய் யந்திரக் கையேட்டில் குறித்த ரகமாக இருத்தல் வேண்டும். பழைய எஞ்சின் எண்ணெய் ஆகாது.

பழுது வராமல் காக்க

யந்திரத்தை மழையில் விடாமல் கொட்டகையில் நிறுத்துக. எண்ணெய் ஊற்றும் வாயைத் துடைத்த பின்னரே திறக்க வேண்டும். காலையில் எண்ணெய் மட்டத்தையும், வாரத்துக்கு ஒருமுறை குழாய்களையும் கப்ளிங்கையும் பார்த்து, தேதியுடன் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தால், அடுத்து வரும் பணியாளர் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிராது.

யாவற்றுக்கும் மேலாக, மரத்தை வைப்பவரே கைப்பிடியையும் இயக்க வேண்டும். வேலை விரைவதற்காக ஒருவர் வைக்க மற்றொருவர் இயக்குவது பலருடைய விரல்களைப் பறித்திருக்கிறது. நின்ற யந்திரத்தைச் சீலோ சாவியோ மாற்றி மீண்டும் ஓட்டிவிடலாம். பாவு பிணைக்கவும் நாற்று நடவும் வேண்டிய விரல்களை எந்தச் சங்கமும் விலைகொடுத்து வாங்கித் தர இயலாது என்பதை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்வார்களாக.