ஸ்கேன் படத்தின் தெளிவும் கதிரின் அளவும்



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வெயிலுக்குப் பேர்போன வானம் பார்த்த பூமி. வெயிலில் உழைப்பவரின் உடல்நீர் வியர்வையாய் வெளியேறுகிறது. ஈடாகத் தண்ணீர் அருந்தாவிட்டால் சிறுநீர் செறிவடைந்து, அதிலுள்ள உப்புகள் கல்லாய்ப் படிகின்றன. விலாவிலிருந்து தொடை வரை இறங்கும் அந்த வலி, எத்தகைய உறுதி படைத்தவரையும் துடிக்க வைத்துவிடும். மருத்துவரிடம் ஓடுகிறோம், அவர் "சி.டி. ஸ்கேன் எடுங்கள்" என்கிறார்.

இங்கே நம் மக்கள் இரு பிரிவினராகின்றனர். "ஸ்கேன் எடுத்தால் புற்றுநோய் வரும்" என அஞ்சி மறுப்போர் ஒருபுறம். "தலைவலிதானே என்று விடாமல் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் டாக்டர்" என வற்புறுத்துவோர் மறுபுறம். இரு சாராரும் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு.

எவ்வளவு கதிர்?

சி.டி. ஸ்கேன் என்பது உடலைச் சுற்றிவந்து பல கோணங்களில் எடுக்கப்படும் எக்ஸ்ரே படங்களைக் கணினி ஒன்றிணைத்துத் தருவதாகும். ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் உருவாக்கிய இக்கருவியில், 1971ஆம் ஆண்டு முதல் நோயாளிக்குப் படம் எடுக்கப்பட்டது. 1979இல் அவருக்கும் கார்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் மனிதருக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. மார்பு எக்ஸ்ரே ஒன்றில் கிடைப்பது 0.1 அல்லது அதற்கும் குறைவு. தலை ஸ்கேனில் ஏறக்குறைய 2. வயிற்று ஸ்கேனிலோ 8 முதல் 10 வரை. ஒருமுறை எடுப்பதால் நேரக்கூடிய ஆபத்து மிகச் சிறிது. தேவையின்றித் திரும்பத் திரும்ப எடுப்பதே கவலைக்குரியது.

அப்படியானால் கதிரைக் குறைத்துவிடலாமே?

குறைக்கலாம், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மங்கிய வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம்போல, கதிர் குறையக் குறையப் படம் பொரிப்பொரியாகிவிடும். அந்தப் பொரிவைப் பாதியாக்கக் கதிரை நான்கு மடங்காக்க வேண்டும்.

ஆகவே, எதைத் தேடுகிறோம் என்பதே அளவைத் தீர்மானிக்கிறது. சிறுநீரகக் கல் படத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும். பொரிந்த படத்திலும் அது மறையாது. எனவே கல்லைத் தேடுவதற்கு 4 மில்லிசீவெர்ட்டுக்கும் குறைந்த கதிரே பெரும்பாலும் போதுமானது; உடல் மிகப் பருத்தவர்களுக்கு மட்டும் கூடுதலாகத் தேவைப்படலாம். ஆனால் ஈரலில் உள்ள சிறு கட்டி, சுற்றியுள்ள திசுவிலிருந்து சிறிதளவே வேறுபட்டுத் தெரியும். அங்கே கதிரைக் கஞ்சத்தனமாகக் குறைத்தால் கட்டி கண்ணில் படாமல் போய்விடும். நோயைக் காட்டாத படத்திற்காக வாங்கிய கதிர், குறைவே ஆனாலும் வீண்தான்.

அளவு மீறினால் என்னாகும்? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மருத்துவமனை ஒன்றில் 2008, 2009ஆம் ஆண்டுகளில், கருவியின் அமைப்பு தவறாக வைக்கப்பட்டதால் இருநூறுக்கும் மேற்பட்டோர் மூளை ஸ்கேனில் ஏறக்குறைய எட்டு மடங்கு கதிரைப் பெற்றனர். சிலருக்கு முடி கொட்டிய பிறகே அது வெளிப்பட்டது.

நம் நாட்டில் சி.டி. கருவியை இயக்க, 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் கட்டாயம்.

குழந்தைகள் விஷயத்தில்

குழந்தையின் சிற்றுடலுக்குக் குறைந்த கதிரிலேயே தெளிவான படம் கிடைத்துவிடும். வளரும் திசுக்கள் கதிரால் எளிதில் பாதிக்கப்படக்கூடியவை. வாழவேண்டிய காலமும் நீண்டது. ஆகவே பெரியவர்களுக்குரிய அளவை அவர்களுக்கு வைக்கலாகாது. கீழே விழுந்த பிள்ளை நினைவிழந்தாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தயங்காதீர்கள். அழுது ஓய்ந்து வழக்கம்போல் விளையாடும் பிள்ளைக்கு, "எதற்கும் எடுத்துப் பார்ப்போம்" என்று நீங்களாகக் கேட்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

திருச்சுழியில் தொடங்கும் நோயாளியின் பயணம் அருப்புக்கோட்டை, விருதுநகர் என நீண்டு மதுரையில் முடிவதுண்டு. முந்தைய படத்தை வீட்டிலேயே விட்டுச் சென்றால், அதே ஸ்கேன் மீண்டும் எடுக்கப்படும். பணமும் வீண், கதிரும் இரட்டிப்பு. ஆகவே படம், அறிக்கை, குறுந்தகடு அனைத்தையும் தேதி குறித்து ஒரே பையில் வைத்திருங்கள்.

"அல்ட்ரா சவுண்டு, எம்.ஆர்.ஐ. போன்ற கதிரில்லாச் சோதனை போதுமா?" என்று மருத்துவரிடம் பணிவுடன் கேளுங்கள். கல்லுக்கான ஸ்கேன் என்றால், "குறைந்த கதிரில் எடுக்க இயலுமா?" என்றும் கேட்கலாம். கருவுற்றிருக்கும் சகோதரிகள், கருவுற்றிருக்கலாம் என ஐயமுள்ளவர்கள், கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, தண்ணீர் அருந்துங்கள். நோன்புக் காலத்தில் இஃப்தார் முதல் ஸஹர் வரை சிறிது சிறிதாக அருந்துங்கள். அடிக்கடி கல் உண்டாகும் உடல்வாகு உடையவர்கள் ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்வது நல்லது. கல்லே உருவாகாதவருக்குக் கல்லைத் தேடும் ஸ்கேனும் தேவையில்லை அல்லவா?