சொல்லாததும் சுழியும்

தேர்வுக்கு வாராத மாணவனும், வந்து சுழி வாங்கிய மாணவனும் ஒருவரா? அல்லர் என்று உடனே விடை கூறுவீர்கள். ஆயினும், நான் தலைமையாசிரியனாயிருந்த ஒரு பள்ளியில் ஓராண்டு அவ்விருவரும் ஒருவராகிவிட்டனர். காய்ச்சலால் ஒரு தேர்வுக்கு வாராத மாணவனுக்கு நேரே பாட ஆசிரியர் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். தொகுப்பேட்டில் அதைப் படியெடுத்தவர், வெற்றிடம் கூடாதென்றெண்ணிச் சுழியை இட்டார். சராசரி சரிந்தது, தேறாதோர் பட்டியலில் அவன் பெயர் ஏறியது. அடியில் கையொப்பமிட்டவன் நான். அவன் தந்தையார் வந்து கேட்ட பின்னரே பிழை புலப்பட்டது.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இப்பிழையைச் செய்வதுண்டு. நிரல் செயற்கூறுகளால் ஆனது. செயற்கூற்றுக்கு நாம் கொடுத்தனுப்பும் மதிப்பைச் செயலுருபு என்பர். சில செயலுருபுகளைக் கொடுத்தே தீரவேண்டும். சிலவற்றைக் கொடாமலும் விடலாம். விட்டால், செயற்கூறு தனக்கென வகுத்துக்கொண்ட முன்னியல்பின்படி நடக்கும்.

குய்டோ வான் ராசம் என்னும் டச்சு அறிஞர் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட பைத்தான் மொழியில் 'ரவுண்ட்' என்றொரு செயற்கூறு உண்டு. 72.46 என்னும் எண்ணை மட்டும் கொடுத்தால் அது 72 என்ற முழு எண்ணைத் தரும். தசம இடம் 1 என்றும் சொன்னால் 72.5 தரும். இடம் 0 என்றால்? 72.0 என்னும் தசம எண்ணைத் தரும். இடத்தைச் சொல்லாமை வேறு, சுழியெனச் சொல்லுதல் வேறு என்பது இதனால் விளங்கும்.

இனி, 'சராசரி' என்றொரு செயற்கூற்றை நாமே எழுதுவோம். மதிப்பெண்களையும், வேண்டுமாயின் தசம இடத்தையும் அது பெற்று, உள்ளே ரவுண்டை அழைக்கும். 'சராசரி'யை அழைப்பது 'பட்டியல்' என்னும் மற்றொரு செயற்கூறு. இவ்வாறு மூன்று அடுக்குகள். நடு அடுக்கில் இடத்தின் முன்னியல்பாக 0 என்று எழுதிவிட்டால், வெளியே ஒருவர் ஒன்றும் சொல்லாதபோதும் ரவுண்டுக்குச் சுழி சென்று சேரும், பட்டியலில் 72.0 என அச்சாகும். நம் தொகுப்பேட்டுக்காரர் செய்த வேலைதான் இது!

இதற்கு எதிரான பிழையும் உண்டு. 'இடம் இருந்தால் அனுப்பு' என்று நிபந்தனை எழுதுவோர் பலர். பைத்தானோ நிபந்தனையில் சுழியைப் பொய்யெனக் கொள்ளும். அதனால் ஒருவர் வாய்திறந்து கேட்ட சுழி வழியிலேயே தொலைந்துபோகும்.

'ஏதுமில்லை' என்று பொருள்படும் 'நன்' என்னும் தனி மதிப்பு பைத்தானில் இருக்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் முன்னியல்பாக அதனையே வைத்து, வந்ததை வந்தபடியே உள்ளே அனுப்பவேண்டும். ரவுண்ட் அதனைப் பெற்றால் இடம் சொல்லப்படவில்லை என்றே கொள்ளும். எல்லாச் செயற்கூறுகளும் இவ்வளவு இணக்கமானவை அல்ல. நன்னை ஏலாத செயற்கூறாயின், வந்த மதிப்பு நன்தானா என்று வெளிப்படையாகச் சோதித்து, ஆமெனில் அச்செயலுருபை அனுப்பாது விடுவதே முறை.

பெயருக்கு முன் இரு நட்சத்திரக் குறியிட்டு, பெயர் சுட்டி வரும் செயலுருபுகள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி உள்ளே தள்ளும் வழியும் உண்டு. இளைஞர்க்கு அது மிக விருப்பம்; எனக்கு அத்துணை விருப்பமில்லை. மூட்டைக்குள் ஒரு பெயர் எழுத்துப்பிழையுடன் இருந்தாலும் நடு அடுக்கு அதனைப் பிரித்துப் பாராது. பிழைச் செய்தி அடியிலுள்ள ரவுண்டின் பெயரில் எழும். பிழை செய்தவரோ இரண்டடுக்கு மேலே, பட்டியலில் இருப்பார்.