இழுப்பதும் நிறுத்துவதும்

அமெரிக்காவில் வீடாகவே அமைந்த மோட்டார்ஹோம் வண்டியில் ஊர் சுற்றுகிறவர்கள் பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துச் செல்வது பழைய வழக்கம். வீட்டை முகாமில் நிறுத்திவிட்டால், கடைக்குப் போகவும் ஊர் பார்க்கவும் அந்தக் கார்தான் துணை. அன்று அந்தக் காரைப் பற்றிக் கேட்ட கேள்வி, வண்டி அதை இழுக்குமா என்பது. இன்று கேட்பது, இரண்டும் சேர்ந்து நிற்குமா என்பது.

வின்னபேகோ நிறுவனம் மோட்டார்ஹோம் தயாரிக்கத் தொடங்கியது 1966இல். அக்காலத்தில் பின்னால் கட்டத் தோதான கார் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். எடை ஏறத்தாழ 800 கிலோ. கியரை நியூட்ரலில் போட்டு, இழுவைக் கம்பியைப் பூட்டி, பின்விளக்குக்கு ஒயர் கொடுத்தால் பயணத்துக்குத் தயார். இன்று அந்த இடத்தில் நான்கு கதவு ஜீப் ராங்ளர் வருகிறது. எடை ஏறத்தாழ 1,900 கிலோ. பல மாநிலங்களில் 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோவைத் தாண்டினால் இழுக்கப்படும் வண்டிக்குத் தனி பிரேக் வேண்டும். பீட்டில் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது. ராங்ளர் வெகு மேலே இருக்கிறது.

அன்று சரிவில் இறங்கும்போது ஓட்டுநரின் காலும் கியரும்தான் காவல். கொலராடோவில் 1973இல் திறந்த ஐசன்ஹோவர் சுரங்கச் சாலையைத் தாண்டி இறங்குகையில், பின்னிருந்து கார் தள்ளுவதை அவர் முதுகால் உணர்ந்து கியரைக் குறைத்தார். அந்தப் பழக்கம் இன்றும் தேவைதான். ஆனால் இன்று பின்னால் வரும் காரும் தன் எடையைத் தானே தாங்கி நிற்கிறது.

காரின் பிரேக்கை இயக்க வழிகள் பல. இழுவைக் கம்பியிலேயே அமைந்த பிரேக்கில், முன்வண்டி வேகம் குறையும்போது கம்பி அமுங்கி ஒரு கேபிளை இழுக்கிறது. கேபிள் காரின் பெடலை இழுக்கிறது. மின்சாரம் வேண்டாம், விலையும் குறைவு. அடுத்தது பெட்டி வகை. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரையில் வைத்து, அதன் கையைப் பெடலில் கவ்வவிட்டு, பின்னால் நகராதபடி இருக்கையை முன்னுக்கு இழுத்து அண்டக் கொடுக்க வேண்டும். கார் மாறினாலும் பெட்டி கூடவே வரும்; ஆனால் காரை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். ஏர் பிரேக் உள்ள பெரிய டீசல் மோட்டார்ஹோம் என்றால், அந்தக் காற்றையே குழாய் வழியாகக் காருக்கு அனுப்பிப் பெடலை இழுக்க வைக்கலாம். முன்வண்டி எவ்வளவு அழுத்துகிறதோ, கார் அதற்கேற்ப அழுத்தும். இதை ஒருமுறை பொருத்தினால் போதும், ஆனால் கார் மாறினால் செலவும் மறுபடி வரும்.

ஆகவே தேர்வு மோட்டார்ஹோமின் பிரேக்கிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு காரைப் பார்க்க வேண்டும். எஞ்சின் அணைந்த பழைய காரில் பெடல் சில அழுத்தங்களிலேயே இறுகிவிடும். அதனால் கருவி பலமாக அழுத்த வேண்டும். ஹைபிரிட் கார்கள் பலவற்றில் பெடல் எப்போதும் உயிரோடு இருக்கும். அதே பலம் அங்கே சக்கரத்தைப் பூட்டிவிடும். எந்த வகையானாலும் இரண்டு காவல்கள் அவசியம். இணைப்பு அறுந்தால் காரைத் தானே நிறுத்தும் அவசர ஸ்விட்ச் ஒன்று. கார் பிரேக் பிடித்திருப்பதை ஓட்டுநருக்குக் காட்டும் விளக்கு மற்றொன்று. தெரியாமல் பிடித்தபடியே ஓடும் பிரேக், மைல் கணக்கில் தேய்ந்து தீய்ந்துவிடும்.

இழந்தவையும் உண்டு. நியூட்ரலில் போட்டு எந்தச் சிறு காரையும் கட்டிய சுதந்திரம் போயிற்று. பலரும் விரும்பி இழுத்த ஹோண்டா சிஆர்-வி, 2015 மாடலில் கியர்பெட்டி மாறியதும் நான்கு சக்கரமும் உருள இழுக்க முடியாததாயிற்று. ஒரு கம்பியில் முடிந்த வேலை ஒயர், குழாய், கேபிள் என்று பெருகிவிட்டது.

ஆனால் அந்த எளிமையின் ஆபத்தில் ஒரு பங்கை முன்னால் சிக்னலில் நின்றிருந்த முன்பின் அறியாத குடும்பமும் சுமந்தது. இன்று அந்தப் பங்குக்கான விலையை இழுப்பவரே கொடுக்கிறார். கொடுக்க வேண்டியவரும் அவர்தான்.