தேசிக்காய்த் தோலில் உள்ளது என்ன?

சுவிற்சர்லாந்துக் கடைகளில் விற்கப்படும் தேசிக்காயும் தோடம்பழமும் பெரும்பாலும் ஸ்பெயின், இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து வருபவை. பச்சைத் தேசிக்காய் பிரேசிலிலிருந்தும் கப்பலேறி வருகிறது. வழியில் பூஞ்சணம் பிடியாதிருக்க, பறித்த பின் தோலில் இமசாலில், தயபெண்டசோல் போன்ற மருந்துகளை இடுகின்றனர். வாடாமலிருக்க மெழுகும் பூசுகின்றனர். தயபெண்டசோல் ஒரு காலத்தில் மனிதருக்கே பூச்சி மருந்தாகக் கொடுக்கப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி.

இம்மருந்துகளின் எச்சம் பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடுகிறது. தோலை உரித்தெறிந்து சுளையை உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. உடலில் சேரும் அளவைக் கணிக்கும் நிபுணர்களும் தோல் நீக்கிய பழத்தையே பெரும்பாலும் கணக்கில் கொள்கின்றனர். தமிழர் வீட்டுச் சமையலோ அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. தேசிக்காய் ஊறுகாயில் தோல்தானே பிரதானம்! உப்பிட்டு வெயிலில் உலர்த்துவதால் மருந்து மறைந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை.

விலங்குகளில் நடத்திய சோதனைகளைக் கொண்டு, இமசாலில் மனிதருக்கும் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. இதனால் ஒரு துண்டு ஊறுகாய் தின்றவர் நோயாளியாகிவிடுவார் என்பதல்ல பொருள். அளவும் காலமுமே முக்கியம். நிறை குறைந்த சிறுவர்களுக்கு அதே அளவு கூடுதலாகிறது.

வலைப்பையில் தொங்கும் சிறு துண்டை வாசிப்பது நன்று. இடப்பட்ட மருந்தின் பெயர் அதில் இருக்கும். 'உன்பெஹான்டெல்ட்' என்றிருந்தால் பறித்த பின் மருந்து இடப்படவில்லை என்று மட்டுமே கொள்ள வேண்டும். மரத்தில் நிற்கையில் அடித்த மருந்தை அச்சொல் குறிக்காது. அப்படி அடிக்கப்பட்டு வந்த குளோர்பைரிபொஸ், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்ற ஐயத்தால் 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விலக்கப்பட்டது. 'பயோ' பழத்தில் இத்தகைய செயற்கை மருந்துகளுக்கு இடமில்லை. விலை கூடுதலே, ஆயினும் ஊறுகாய்க்கு, அதிலும் நூற்றுக்கணக்கானோர் உண்ணும் கோயில் அன்னதானத்துக்கு, அதுவே தக்கது.

துர்க்கையம்மனுக்கு ஏற்றும் தேசிக்காய் விளக்குக்கு எந்தக் காயும் போதும், அதை யாரும் உண்பதில்லையே. ஆனால் பிழிந்தெடுத்த சாற்றைச் சர்க்கரைத் தண்ணீராக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாயின், வெட்டுமுன் காயை இளஞ்சூட்டு நீரில் தேய்த்துக் கழுவித் துணியால் துடைக்க வேண்டும். மெழுகோடு ஒட்டிய மருந்து முழுவதும் போகாது, ஓரளவு குறையும். தோடம்பழம் உரித்த கையையும் கழுவிய பிறகே பிள்ளைக்குச் சுளையை ஊட்ட வேண்டும்.