பனியன் ஊர்ப் பிள்ளைகள் – 11: வழிச்செலவு முன்பணம்

திருப்பூர்ப் பனியன் கம்பெனி வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும் என்பதோடு போன வாரம் விட்டிருந்தோம். இந்த வாரம் வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது பிள்ளையை இல்லத்துக்குப் பதில் ஒரு வீட்டில் வளர்ப்பது பற்றி என்று சொல்லியிருந்தேன். ஆனால் நிறுத்திய மறுநாள் என்ன நடக்கிறது என்று பார்க்கப் போன இடத்தில், இளைஞர் நீதிச் சட்டத்தின் 95ஆம் பிரிவு என்னைப் பிடித்துக்கொண்டது. அதை விட்டுவிட்டு மேலே போக மனசு வரவில்லை.

2015இல் இயற்றப்பட்டு, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. பிள்ளை வேறு ஊரைச் சேர்ந்தது என்று விசாரணையில் தெரிந்தால், அந்த ஊர்க் குழுவைக் கலந்துகொண்டு, பிள்ளைக்கு அதுதான் நல்லது என்று உறுதியானபின் அங்கே மாற்ற வேண்டும் என்கிறது 95ஆம் பிரிவு. காகிதங்களும் கூடவே போக வேண்டும். உத்தரவு கைக்கு வந்த 15 நாளுக்குள் சிறார் காவல் பிரிவு ஆள் துணையோடு அழைத்துப்போக வேண்டும். பெண் பிள்ளை என்றால் பெண் போலீஸ். காவல் பிரிவு இல்லாத இடத்தில், பிள்ளை தங்கியிருக்கும் இல்லமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ ஆள் அனுப்ப வேண்டும். இவ்வளவும் எந்தச் சட்டத்திலும் இருக்கக்கூடியவை. அடுத்த வரிதான் என்னை நிறுத்தியது. கூடப் போகிறவருக்கான வழிச்செலவுக்கு மாநில அரசு விதி செய்ய வேண்டும், அந்தப் பணத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

முன்கூட்டியே! அரசு வேலையில் இருந்தவர்களுக்கு இந்த ஒரு சொல்லின் அருமை தெரியும். கைக்காசைப் போட்டுப் போய்வந்து, டிக்கெட்டை ஒட்டி, பில் எழுதி, கருவூலத்தில் பாஸாகும்வரை காத்திருப்பதுதான் வழக்கம். தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒரு களப்பணியாளர் எத்தனை முறை கைக்காசைப் போட முடியும்? பணம் இல்லாததாலேயே பயணம் தள்ளிப்போகும், பிள்ளை வரவேற்பு இல்லத்திலேயே கிடக்கும் என்பதைச் சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவர் அறிந்திருக்கிறார். அவர் யாரென்று தெரிந்தால் கைகூப்புவேன்.

திருப்பூரில் இந்த வரிக்கு உள்ள கனம் வேறு ஊரில் இருக்குமா தெரியவில்லை. தன்பாத் – ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஜார்க்கண்டில் கிளம்பி, ஒடிசாவையும் ஆந்திரத்தையும் கடந்து, இரண்டு இரவு ஓடி இங்கே நிற்கிறது. விடியுமுன் பிளாட்பாரத்தில் போய் நின்றால் தெரியும்: தோளில் பை, கையில் பக்கெட், ஏஜென்ட் சொன்ன கம்பெனிப் பெயரைக் காட்ட ஒரு செல்போன். பெரும்பாலும் இளைஞர்கள். நடுநடுவே, மீசை அரும்பாத முகங்களும் உண்டு.

அப்படி வந்த ஒரு பையனைப் பற்றிக் களப்பணியாளர் ஒரு அம்மா சொன்னார். செக்கிங் டேபிளில் பிசிர் வெட்டுகிற வேலை. மீட்டது ஒரு வியாழக்கிழமை. அவனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் கம்பெனித் தமிழ்: பீஸ், கட்டு, சீக்கிரம், டீ டைம். "ஊருக்குப் போலாமா கண்ணு?" என்று சைகையோடு கேட்டிருக்கிறார். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "சனிக்கிழமை சம்பளம்?"

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரீலைங்க" என்றார் அந்த அம்மா. திருப்பூரில் வாரக்கூலி சனிக்கிழமை. நாம் மீட்பு என்கிறோம். அவன் கணக்கில் அந்த வாரத்து ஒன்றரை ஷிப்ட் கூலி போய்விட்டது. அந்தக் கூலியை வாங்கித் தர வேண்டியது தொழிலாளர் துறை. பையன் இருப்பது குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பொறுப்பில். வழக்கு போலீஸிடம். வயதைச் சொல்ல வேண்டியது பள்ளி, இல்லையென்றால் ஆஸ்பத்திரி. கலெக்டர் தலைமையில் இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காருகிற கூட்டங்கள் நடக்கின்றன, நடவடிக்கைக் குறிப்பும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் குறிப்பில் துறைகளின் பெயர்தான் இருக்கும். இந்தத் தொடர் முழுக்க நான் கேட்டுவருவது ஒன்றுதான்: இந்தப் பிள்ளைக்கு இன்றைக்குப் பொறுப்பான ஆள் யார்? அவர் பெயர் காகிதத்தில் இருக்கிறதா?

வயது என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. 94ஆம் பிரிவின்படி முதலில் பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை. ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றல்ல என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கம்பெனி வாசலில் ஆதாரைத்தான் நீட்டுகிறார்கள். அதில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். தேதி தெரியாதவர்களுக்கு வருஷத்தைக் குத்துமதிப்பாகப் போட்டால் விழுகிற தேதி அது.

நலக்குழுவுக்காகத் தயாரிக்கும் சமூக விசாரணை அறிக்கையை 15 நாளில் முடிக்க வேண்டும். நான்கு மாதத்துக்குள் குழு இறுதி உத்தரவு போட வேண்டும். அறிக்கைப் படிவத்தில் வீடு, படிப்பு, நண்பர்கள், வேலை, சம்பாதித்ததை எதற்குச் செலவிட்டாய் என்பதுவரை கேள்விகள். அதை எந்த மொழியில் கேட்பது? மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஒன்றை மாவட்ட அலகு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அவசரத்துக்கு ஆள் கிடைக்காதபோது, அதே ஊர்க்காரர் என்று கம்பெனி கான்ட்ராக்டரின் ஆளையே கூப்பிட்டுவிடுகிற ஆபத்து இருக்கிறது. அவன் முன்னால் பையன் வாயைத் திறப்பானா?

பணத்துக்கு வருகிறேன். கூட்டிப்போக ஆளும் காசும் இல்லாத இடத்தில் நடப்பது என்ன? அப்பாவுக்குப் போன் போகிறது: "வந்து கூட்டிட்டுப் போங்க." அவர் அங்கே கூலிக்காரர். போக இரண்டு இரவு, வர இரண்டு இரவு, இங்கே குழு உட்காரும் நாள்வரை காத்திருப்பு, ஒரு வாரக் கூலி போச்சு. டிக்கெட்டுக்குக் கடன் வாங்க வேண்டும். கிராமத்தில் யாரிடம் கேட்பார்? பையனை இங்கே அனுப்பிவைத்த ஏஜென்டிடம்தான். அந்தக் கடனை அடைக்க அடுத்த மாதமே பையன் மறுபடி ரயில் ஏறுவான், இந்த முறை திருப்பூருக்கு இல்லாவிட்டால் வேறு ஊருக்கு. முன்பணம் என்று எழுதிய கை இந்தச் சுற்றைத்தான் அறுக்கப் பார்த்திருக்கிறது.

அதோடு, காகிதமும் பையனும் ஒன்றாகப் போய்ச்சேர்ந்தால் அங்கே அவனுக்குக் காத்திருப்பது கொஞ்சமல்ல. குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய், பிள்ளை குடும்பத்திலேயே இருந்து படிக்க. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது சொந்த மாவட்டம். இங்கே எழுதிய அறிக்கை அங்கே போகாவிட்டால், அந்த மாவட்டம் முதல் பக்கத்திலிருந்து தொடங்கும். அல்லது தொடங்காது.

பள்ளிச் சேர்க்கையிலும் இதே கதைதான். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக்கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டவும் கூடாது. அண்ணன் தம்பியாகச் சேர்ந்து வந்த பிள்ளைகளில் பெரியவன் இல்லத்திலும் சின்னவன் காம்பவுண்டு வீட்டிலும் இருந்தால், சின்னவனைப் பள்ளியில் சேர்ப்பது யார் வேலை? மறுபடி, பொறுப்பான ஆள் யார் என்ற அந்தக் கேள்விதான்.

திருப்பூர் மாவட்ட அலுவலகங்களில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இது: வழித்துணைக்கு முன்பணம் இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகளுக்கு, எந்தக் கணக்கிலிருந்து கொடுத்தீர்கள்? கூடப் போனவர் திரும்பி வந்து, பிள்ளையை இன்னாரிடம் ஒப்படைத்தேன் என்று எழுதிய காகிதம் கோப்பில் இருக்கிறதா? பதில் எழுதினால் அப்படியே அச்சிடுகிறேன்.

வளர்ப்புப் பராமரிப்பு அடுத்த வாரம். 2022 அக்டோபரில் திருமுருகன்பூண்டியில் ஒரு தனியார் காப்பகத்தில் மூன்று சிறுவர்கள் உணவு ஒவ்வாமல் இறந்ததும், அரசு அதை மூடச் சொன்னதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இல்லத்துக்குப் பதில் ஒரு வீடு என்று சட்டம் சொல்லிவருவதை அங்கிருந்து தொடங்குகிறேன். தனியாக இருப்பவர்களும் வளர்ப்புப் பெற்றோராகலாம் என்று 2024இல் வழிகாட்டுதலை மாற்றியிருக்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஊரில் யார் வீட்டில் அதற்கு ஆள் இருக்கிறது என்று அவிநாசி, பல்லடம் பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

(தொடரும்)