வாடைக்கு முன்னே

அமெரிக்கா தேசத்தின் கீழ்க்கரையில் அக்டோபர் மாதம் பிறந்ததும் இரண்டு கூட்டங்கள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஒரு கூட்டம் ஆகாயத்தில் போகிறது. அவை காட்டு வாத்துக்கள். மற்றொரு கூட்டம் ஜலத்தில் போகிறது. அவர்கள் பாய்மரப் படகுகளில் குடித்தனம் நடத்தும் மனிதர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தாருக்கு அந்த நாட்டார் ‘பனிப் பறவைகள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாடை பலத்து, வடக்கே பனி உறையத் தொடங்கும் முன்பு, புளோரிடாவுக்கோ அதற்கு அப்பாலுள்ள பஹாமாத் தீவுகளுக்கோ போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது இவர்கள் நோக்கம்.

இவர்களில் மிகப் பலர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள். அத்தகைய ஒரு ஜோடியை நாம் மனத்தில் சித்திரித்துக் கொள்வோம். கணவருக்கு வயது அறுபது கடந்துவிட்டது. மனைவி இரண்டொரு வயது இளையவள். குழந்தைகள் வளர்ந்து தனித்தனியே குடும்பம் நடத்துகிறார்கள். படகின் நீளம் முப்பத்து நாலு அடி. அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, தண்ணீர்த் தொட்டி, புஸ்தக அலமாரி எல்லாம் அடங்க வேண்டும். ஒருவர் சமையல் செய்யும்போது மற்றவர் எழுந்து நடக்க வேண்டுமானால், முதலாமவர் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

மேரிலாந்து மாகாணத்து அன்னாபொலிஸ் துறையில் நங்கூரம் எடுக்கிறார்கள். எப்போது எடுப்பது என்பதே முதல் சங்கடம். அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். அவசரப்பட்டுத் தெற்கே போனால் சூறாவளியின் வாயில் விழ நேரும். தாமதித்தால் விறைக்கும் குளிரில் சுக்கானைப் பிடிக்க வேண்டியிருக்கும். இன்னின்ன தேதிக்கு முன் இன்ன எல்லையைத் தாண்டித் தெற்கே போகக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பலவும் நிபந்தனை விதிக்கின்றன. ஆகவே இந்த இரண்டு ஆபத்துக்களுக்கும் இடையே உள்ள சில வாரங்களில்தான் பிரயாணம்.

“கடலோரமாகவே பாய் விரித்து நேரே போய்விடலாமே?” என்று வாசகர்கள் கேட்கலாம். வட கரோலினாவின் ஹாட்டெரஸ் முனைதான் அதற்குத் தடை. அங்கே ‘வளைகுடா நீரோட்டம்’ என்னும் வெந்நீர் ஆறு கரையை நெருங்கி வடகிழக்கே பாய்கிறது. அதற்கு எதிராக வாடை வீசினால், ஒன்றோடொன்று மோதி அலைகள் சுவர்போல் செங்குத்தாக எழும்பும். பல மைல் தூரம் மணல் திட்டுக்கள் வேறு. அட்லாண்டிக்கின் மயானம் என்றே அந்தப் பிரதேசத்துக்குப் பெயர். அங்கே 1870-ல் கட்டிய கலங்கரை விளக்கத்தைக் கடல் அரித்து நெருங்கியதால், 1999-ல் அந்த மாபெரும் கோபுரத்தை அப்படியே பெயர்த்து 2,900 அடி தள்ளி வைத்தார்கள்!

இந்த முனைக்குப் பயந்தவர்களுக்கென்றே ஓர் உள்வழி இருக்கிறது. விர்ஜினியாவின் நார்போக் துறைமுகத்தில் ‘பூஜ்யம் மைல்’ என்று எண்ணத் தொடங்கி, ஆறு, கழி, கால்வாய், குடா எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு, மயாமி நகருக்கு ஏறக்குறைய 1,090 மைல் செல்லுகிறது அந்த நீர்வழி. ராணுவ எஞ்ஜினீயர்கள் அதைத் தூர் எடுத்துப் பராமரிக்கிறார்கள். தெற்கே போகிறவர்கள் சிவப்பு அடையாளங்களை வலக்கைப் பக்கமாக விட்டுச் செல்ல வேண்டும் என்பது விதி. குறுகலான இடங்களில் பாய்க்கு வேலையில்லை. எஞ்ஜினை முடுக்கி மணிக்கு ஆறு மைல் வேகத்தில் போக வேண்டியதுதான். இரவில் செல்வது அபாயம். நாற்பது ஐம்பது மைல் கடந்தால் அன்றைய பொழுது சரி.

நார்போக்கில் சாம்பல் நிற யுத்தக் கப்பல்களின் ஓரமாகச் சென்ற நம் தம்பதிகள், சில மைல்களுக்கு அப்பால் ஒரு முச்சந்தியை அடைகிறார்கள். இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. அவசரக்காரர்கள் 1859-ல் திறந்த அகலமான கால்வாயில் போகிறார்கள். நம்மவர்கள் பழைய கால்வாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு ‘டிஸ்மல் ஸ்வாம்ப்’, அதாவது துயரச் சதுப்பு, என்று பெயர். நுழைவாயிலில் ‘லாக்’ என்ற அறைக்குள் படகைக் கட்டி, பின்கதவை அடைத்து, தண்ணீரை நிரப்பிச் சுமார் எட்டடி உயரத்துக்குத் தூக்கிவிடுகிறார்கள். அப்புறம் இருபத்திரண்டு மைல், பெரும்பாலும் கோடு கிழித்தாற் போன்ற நீர்ப்பாதை. இரு கரையிலும் மரங்கள் செம்மையும் மஞ்சளுமாக இலை பழுத்து நிற்கின்றன. மரப்பட்டைகளின் சாறு ஊறி, தண்ணீர் பாலில்லாத தேயிலைப் பானம் போல் கறுத்திருக்கிறது. அவ்வளவு அழகு!

ஆனால் அந்த அழகை வெட்டிய கைகள் யாருடையவை? 1793-ல் வேலை தொடங்கி 1805-ல் கால்வாய் திறக்கப்பட்டது. எஜமானர்களிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்ட நீக்ரோ அடிமைகளே இடுப்பளவு சேற்றில் நின்று, மண்வெட்டியாலும் கோடாலியாலும் இதை வெட்டினார்கள். கூலி எஜமானர்களுக்குப் போயிற்று. தப்பி ஓடிய அடிமைகள் இதே சதுப்பின் நடுவிலுள்ள மேடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்ததும் உண்டு.

மோஸஸ் கிராண்டி என்பவர் அடிமையாகப் பிறந்து, இந்தப் பிரதேசத்தில் கால்வாய்ப் படகுகளை நடத்தி வந்தவர். தம் கதையை அவர் சொல்ல, 1843-ல் லண்டனில் அது புஸ்தகமாக வெளிவந்தது. மணமாகி எட்டு மாதம் ஆகியிருந்த சமயம், அவர் படகு வேலையில் இருந்தபோது, கால்வாயை ஒட்டிய சாலையில் சந்தடி கேட்டது. திரும்பிப் பார்த்தார். விற்கப்பட்ட அடிமைகளின் கூட்டம் ஒன்று வந்தது. அதிலிருந்து ஒரு பெண் அவர் பெயரைச் சொல்லி அலறினாள். அவள் அவருடைய மனைவி! அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. எஜமானனுக்குப் பணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். வாங்கியவன் குதிரைமேல் துப்பாக்கியோடு இருந்தான். அருகில் போனால் சுடுவேன் என்றான். ஒரு முறை கையைத் தொட்டுக்கொள்ளக்கூட அநுமதிக்கவில்லை. எட்டி நின்று பேசச் சொன்னான். கிராண்டி சட்டைப் பையிலிருந்த சொற்பக் காசை அவளுக்குக் கொடுத்து விடை கொடுத்தார். அவளைப் பற்றி அப்புறம் ஒரு செய்தியும் அவருக்குக் கிட்டவில்லை.

தம் விடுதலைக்காக அவர் மூன்று முறை விலை கொடுத்தார். முதல் இரண்டு எஜமானர்களும் அறுநூறு அறுநூறு டாலர் பெற்றுக்கொண்டு ஏமாற்றினார்கள். மூன்றாமவரே சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

இன்றும் கால்வாயின் பக்கத்தில் ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. நம் தம்பதிகள் கரையில் படகைக் கட்டி இரவு தங்குகிறார்கள். அன்று காலையில் இருவருக்கும் சிறிது மனஸ்தாபம். ‘லாக்’கில் கயிற்றைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அவர் கத்தினார்; கத்தினதற்காக அவள் பகல் முழுவதும் பேசவில்லை. படகில் கோபித்துக்கொண்டு போக வேறு அறை ஏது? இரவு அவள் கிராண்டியின் கதையை விளக்கொளியில் உரக்கப் படித்தாள். முடிந்த பிறகு இருவரும் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. வெளியே சாலையில் ஒரு லாரி போகும் சப்தம் கேட்டது. அவர் எழுந்து தேநீர் போட்டு அவள் கையில் கொடுத்தார்.

கால்வாயைத் தாண்டி, ஆற்றோடு இறங்கினால் எலிஸபெத் ஸிடி. அடுத்துள்ளது ஆல்பமார்ல் என்னும் அகன்ற குடா. ஆழம் குறைவு, காற்று சற்றுப் பலத்தாலும் குறுகிய முரட்டு அலைகள் கிளம்பிவிடும். ஆகவே படகுகள் இந்த ஊரில் நாள் கணக்கில் காத்திருக்கின்றன. 1983-ல் ஓய்வு பெற்ற தபால்காரர் பிரெட் பியரிங் என்பவரும், அவர் சிநேகிதர் ஜோ கிராமர் என்பவரும் துறைக்கு வந்து, முன்பின் அறியாத அந்தப் படகுக்காரர்களுக்கு விருந்து வைத்து, பெண்மணிகளுக்கு ஆளுக்கொரு ரோஜாப் பூக் கொடுத்தார்கள். பூக்கள் கிராமர் வீட்டுத் தோட்டத்தில் பூத்தவை. அன்று முதல் அது ஊர் வழக்கமாகி, படகோட்டிகள் மத்தியில் ஊருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது.

‘படகில் ஏற்றக் கூடாத சரக்கு நாள்காட்டி ஒன்றே’ என்ற கருத்தில் மாலுமிகள் சொல்வது வழக்கம். இந்த நாளில் இந்த ஊரில் இருந்தாக வேண்டும் என்று கெடு வைத்துக்கொண்டவர்களே காற்றை மதியாமல் கிளம்பி அல்லலுறுகிறார்கள். ஒருவர் பொறுமை இழக்கும்போது மற்றவர் “நாளைக்குப் பார்க்கலாம்” என்று சொல்லும் ஜோடியே சுகமாகப் போய்ச் சேருகிறது.

அப்பால் தெற்கே போகப் போக வேறு சோதனைகள். நிலையான பாலங்கள் பெரும்பாலும் அறுபத்தைந்து அடி உயரத்தில் நிற்கின்றன. பாய்மரம் அதற்குள் அடங்க வேண்டும். ஜார்ஜியாவின் உப்பங்கழிகளில் ஓதம் ஏழெட்டு அடி ஏறி இறங்குகிறது. வற்றும் வேளையில் மணலில் தட்டிவிட்டால், தண்ணீர் திரும்பும் வரை பல மணி நேரம் சாய்ந்த படகில் சாய்ந்தபடியே இருக்க வேண்டியதுதான். எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம், இருவரில் ஒருவர் தண்ணீரில் விழுந்துவிடுவது. அப்போது எஞ்சியிருப்பவர் தனியாகவே படகைத் திருப்பி, விழுந்தவரைக் கண்டுபிடித்து, மேலே தூக்க வேண்டும். ஆகையால் கணவர் ஓட்டுவார், மனைவி சமைப்பாள் என்ற ஏற்பாடு இங்கே செல்லாது. அமைதியான ஒரு பிற்பகலில் ஒரு மெத்தையைத் தண்ணீரில் எறிந்து, அதை அவள் ஒருத்தியாகவே மீட்கிறாள். அடுத்த முறை அவர். பிறகு அவர் ரொட்டி சுடுகிறார், அது கருகுகிறது.

டிசம்பரில், ஸ்பானியர் 1565-ல் ஸ்தாபித்த ஸெயின்ட் அகஸ்டின் நகரின் பழைய கோட்டைக்கெதிரே அவர்கள் நங்கூரம் பாய்ச்சுகிறார்கள். வாத்துக்கள் வெகு நாளைக்கு முன்பே வந்துவிட்டிருக்கும். அவர் சுக்கானில் நின்று கையால் ஜாடை காட்டுகிறார். முன்னணியில் நிற்கும் அவள் சங்கிலியை விடுகிறாள். இந்த முறை யாரும் கத்தவில்லை.